வழி விடாமல் தைத்த பை

இன்னும் வண்டி வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் வருகிறோம் என்று வினோவின் அண்ணன் பூபதி போனில் சொன்னான், மத்தியானத்துக்கு மேல் என்றால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதா, கிளம்பி வந்து சாப்பிடுவதா, கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை, இந்த வீட்டில் இன்றைக்கு அவர்களுக்கு இலை போடலாமா கூடாதா என்பதே எனக்குத் தெரியவில்லை. எத்தனை கல்யாணம் பார்த்தவள் நான், சீர்த்தட்டு எந்த வரிசையில் உள்ளே வர வேண்டும், யார் வாங்கி யார் கையில் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், கோயமுத்தூரில் எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். சீர் வெளியே போகும்போது என்ன வரிசை என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. கட்டில் முதலில் போகுமா, பீரோ போகுமா, ஃபிரிட்ஜ் போகுமா. எது வேண்டுமானாலும் போகட்டும், தையல் மிஷின் கடைசியில் போகட்டும். அதுவும் வினோவோடு சீராக வந்ததுதான், அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பை முடிகிற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது. வினோதினி என் மருமகள். மருமகள்தான். போன வாரம் கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது, அவர்களுக்குள் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதற்காக நாக்கில் வருகிற வார்த்தையை மாற்றிக்கொள்ள முடியுமா, எனக்கும் அவளுக்கும் ஒன்றும் இல்லை என்று யாரும் எழுதவில்லையே. எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். என்னைக் கேட்கவே இல்லை, அது வேறு விஷயம்.

மடியில் கிடப்பது பையின் முன்பக்கம். வெட்டுத்துணியை எல்லாம் ஒட்டுப்போட்டு ஒரே சதுரமாக்கி, துண்டுக்கு ஒரு பூ, ஒரு இலை என்று எம்பிராய்டரி போட்டது. ஓரத்தில் மாம்பழ மஞ்சள், நிச்சயதார்த்தத்துக்கு அவளுக்கு நானே தைத்த ரவிக்கையில் மிஞ்சியது. பக்கத்தில் அவர்கள் அறை ஜன்னல் திரை, அதற்கடுத்து என் சுங்குடி, அப்புறம் இவருடைய லுங்கி. லுங்கியை வினோதான் கேட்டு வாங்கினாள், மாமாவையும் எங்கியாவது ஒரு மூலைல உக்கார வைக்கலாமுங்கத்தை, பாவம், என்றாள், லுங்கியா என்று நான் கேட்டதற்கு அப்படிச் சிரித்தாள். பை அவளுக்குத்தான். குரோஷே பின்னுகிறவள் அவள், வேலைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, கொக்கி ஊசியைக் கையில் எடுத்தால் பேச்சும் பின்னலும் ஒன்றாக ஓடும், ஆனால் எதையும் முடிக்க மாட்டாள். பாதி தொப்பி, கால் சால்வை, ஒரு காலுக்கு மட்டும் சாக்ஸ். இன்னொரு காலுக்கு என்ன கண்ணு பண்றது என்றால், நொண்டி வர்றப்பக் குடுத்துக்கலாமுங்கத்தை என்பாள். நூல்கண்டு கட்டிலுக்கு அடியில் உருண்டு போகும், நான் தென்னை ஈர்க்குமாறால் தள்ளி எடுப்பேன். உனக்கு ஒரு பை தைத்துத் தருகிறேன், கத்தரிக்கு ஒரு அறை, கொக்கிக்கு ஒரு அறை வைத்து, என்று சொன்னேன், வினோ குதித்துக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கினாள், தரை முழுக்கப் பரப்பி இப்படி வைத்தாள், அப்படி வைத்தாள், நடுத்துண்டுக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, நடுவுல நீங்களே ஏதாச்சும் போடுங்கத்தை, நான் பாக்க மாட்டேன், முடிஞ்சதும் பாத்துக்கறேன் என்றாள். நடுவில் நான் என்ன போடுவேன். எந்த மாமியாரும் என்ன போடுவாளோ அதைத்தான் போட்டேன். என் மகன் தினகரின் சட்டை. வெள்ளையில் நீலக் கட்டம் போட்டது, அக்குளில் கிழிந்து அவன் தூக்கிப் போட்டது, அதுவும் அவன் முதல் சம்பளத்தில் வாங்கியதோ நான் வாங்கியதோ இல்லை, கல்யாணமான புதிதில் வினோ தன் சம்பளத்தில் அவனுக்கு எடுத்துக் கொடுத்தது. அவள் பார்த்ததும் கண்டுபிடிப்பாள், முகம் சிவந்துபோகும், நான் பார்க்காத மாதிரி சமையல்கட்டுக்குள் போய்விடலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தை மாதத்தில் தைத்தது. பங்குனியில் அவன் போன் பண்ணினான்.

இப்போது அந்தக் கட்டத்தின் மேல்தான் ஊசி போகிறது. சிவப்பு நூல். கட்டம் போட்ட துணியில் குறுக்குத் தையல் போடுவது சுலபம், அளவெடுக்க வேண்டாம், கோடு கிழிக்க வேண்டாம், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, மூலைக்கு மூலை குத்தி எடுத்தால் போதும், துணியே வழிகாட்டும். எல்லாக் கட்டத்தையும் சிவப்பால் நிரப்பிவிட்டால் நீலம் தெரியாது, நீலம் தெரியாவிட்டால் சட்டை தெரியாது, செம்பருத்தி என்று சொல்லிவிடலாம். பிரித்து எடுத்துவிட்டு வேறு துண்டு வைத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் பதில் வைத்திருக்கிறேன், நடுத்துண்டைப் பிரித்தால் நாலு பக்கமும் பிரிக்க வேண்டும், ஓரத்தில் தையலுக்கு விட்டிருப்பது கொஞ்சம்தான், திரும்பத் தைத்தால் நூல் பிரிந்து வந்துவிடும், நேரமும் இல்லை. எல்லாம் நிஜம். முந்தாநாள் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் நிஜம், ஒரு மூலையில் இரண்டு தையலை அறுத்ததும் நிஜம். அப்புறம் கை ஓடவில்லை. துணிதானே, சட்டையிலிருந்து வெட்டும்போது வலிக்காத கைக்கு இப்போது என்ன கேடு. அவன் மேல் கோபம் இருக்கிறது, எதிரில் வந்தால் அறைந்தாலும் அறைவேன். ஆனால் போன் வைக்கும்போது, சாப்பிட்டியா சாமி என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். அவன் என் மருமகளை வேண்டாம் என்று சொல்லி முடித்த பிறகு, சாப்பிட்டியா சாமி. அந்த வாயை என்ன செய்வது. இந்தச் சிவப்பு நூலால் தைத்தால் தகும்.

அம்மா, எங்களுக்குள்ள ஒத்து வரலைம்மா. இப்படித்தான் ஆரம்பித்தான். ஒத்து வர அவர்கள் எங்கே ஒன்றாக இருந்தார்கள், கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே பூனாவில் வேலை என்று போய்விட்டான், வீடு பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றான், வினோவுக்கு இங்கே வேலை, அங்கே மாற்றல் கிடைக்கட்டும் என்று காத்திருந்தாள், காத்திருந்தது எங்களோடு. தாலி கட்டியது அவன், குடும்பம் நடத்தியது நான். அவளுக்குத் தலைவலி எப்போது வரும், எந்தக் குழம்புக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வாள், பல்லி என்றால் கட்டில் மேல் ஏறி நின்று மாமாவைக் கூப்பிடுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அவனுக்கு என்ன தெரியும். அவ நல்லவதாம்மா, என்றான் போனில், நல்லவதான், ஆனா. அந்த ஆனாவுக்குப் பின்னால் இன்னொருத்தி பெயர் வந்தது, அங்கே கூட வேலை பார்க்கிற பெண்ணாம், அந்தப் பெயரை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, இருந்தாலும் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது அந்தப் பெயருக்காக இல்லை, நல்லவதான் என்றதற்காக. கத்தரிக்காய்க்காரனிடம், நல்லாத்தான் இருக்கு, வேண்டாம் என்று சொல்வோமே, அந்த மாதிரி சொன்னான். பக்கத்து அறையில் அவள் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது, எனக்குச் சொல்லத் தெரியாமல் சில நாளாகவே உள்ளே வைத்துக்கொண்டு, என்னோடு உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊசி விரலில் குத்திவிட்டது. ரத்தமும் நூலும் சிவப்பு, தெரியாது, பரவாயில்லை.

கட்டம் நிரம்பிவிட்டது. தள்ளிப் பிடித்துப் பார்த்தால் செம்பருத்தி. கிட்டே வைத்துப் பார்த்தால், பெருக்கல் குறிகளுக்கு நடுவே, மெலிசாக, நீலம். போகட்டும், யார் கிட்டே வைத்துப் பார்க்கப் போகிறார்கள். வினோ வைத்துப் பார்ப்பாள். எதையும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு, கண்ணாடி மாத்து என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முதலில் அவள் இந்தப் பையை வாங்குவாளா என்று பார்ப்போம். நம்ம வூட்டுச் சாமானம் மட்டும் எடுத்துக்கறோமுங்க, உங்குளுது ஒரு குண்டூசி வேண்டாமுங்க என்று பூபதி சொல்லியிருக்கிறான், தங்கைக்காகப் பேசுகிற அண்ணன் அப்படித்தான் பேசுவான், தப்பில்லை. இந்தப் பை குண்டூசியில் சேருமா. நேற்று முழுக்க அதையே நினைத்தேன், இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறேன், கட்டிலும் பீரோவும் போனால் போகட்டும், இந்தப் பை அவளோடு போக வேண்டும், அவள் கையில் தொங்க வேண்டும், பஸ்ஸில் மடியில் இருக்க வேண்டும், யாராவது நல்லாருக்கே எங்க வாங்கினீங்க என்று கேட்டால் எங்க அத்தை தைச்சது என்று சொல்ல வேண்டும். எந்த அத்தை என்று கேட்டால் என்ன சொல்வாள். அவளுக்கு வயது இருக்கிறது, நாளைக்கே வேறு இடம் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும், நல்ல இடமாக அமைய வேண்டும் என்று கோனியம்மனிடம் வேண்டிக்கொண்டவளே நான்தான். வேண்டிக்கொண்டு கோயில் படி இறங்கும்போது, அங்கேயும் ஒரு மாமியார் இருப்பாளே, அவளையும் வாய் நிறைய அத்தை என்றுதானே கூப்பிடுவாள் என்று தோன்றிவிட்டது. அந்தப் பொம்பளைக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று திரும்பிப் போய் வேண்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

உள்துணி வெட்டியாயிற்று. வெறும் காடாத்துணி, கோடு, பூ ஒன்றும் வேண்டாம், நூல் போட்டால் நூல் நிறம் பளிச்சென்று தெரியட்டும். மிஷின் சத்தம் போட்டதும் ஹாலில் அவர் தொண்டையைக் கனைக்கிறார், காலையிலிருந்து ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மாவுச்சட்டி, தயிர், ஊறுகாய் எல்லாம் எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது. அழுக்காத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல என்றார், அவ்வளவுதான் அவர் இந்த விஷயத்தைப் பற்றி இதுவரைக்கும் பேசியது. பங்குனியிலிருந்து மனுஷன் தன் மகன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் செய்தார். தாம்பூலப் பைகளைப் பொறுக்கினார். கல்யாணத்துக்கு அடித்த தாம்பூலப் பையில் ஒரு மூட்டை மிஞ்சிப்போய், வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தப் பைதான், பருப்புக்கு, துணிக்கிளிப்புக்கு, ரேஷன் கடைக்கு, எல்லாவற்றிலும் தினகர் – வினோதினி என்று சிவப்பு எழுத்து. அவன் போன் பண்ணிய மறுநாள் அவர் வீடு முழுக்க நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டி, மடித்து, பரண் மேல் ஏற்றினார். ஒன்று மட்டும் அவர் கண்ணில் படவில்லை. வினோ தன் நூல்கண்டுகளைப் போட்டு வைத்திருந்த பை. அவள் அண்ணனோடு கிளம்பிப் போன அன்றைக்கு, அவர்கள் அறைக் கதவின் கைப்பிடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது, காலியாக. நூலையும் கொக்கியையும் பாதி பாதி வேலைகளையும் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் அமுக்கிக்கொண்டு போயிருந்தாள். அவன் பெயர் போட்ட பையில் அவள் பின்னல் இருக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள், சரிதானே, நானாக இருந்தால் கொளுத்தியிருப்பேன். அவள் கொளுத்தவில்லை, கசக்கவில்லை, துவைத்து மடிப்புக்கலையாமல் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்த்துத்தான் பாதியில் கிடந்த இந்த ஒட்டுத்துணியை எடுத்தேன். பிளாஸ்டிக் கவரைக் கொக்கி குத்திக் கிழித்துவிடும், நூல் தெருவில் உருளும்.

அந்தப் பெயர் இல்லாத பை வேண்டும் என்றுதானே எடுத்தாய் மரகதம், எடுத்துவிட்டு நடுவில் என்ன வைத்திருக்கிறாய். செம்பருத்தி. செம்பருத்திதான்.

இரண்டு பக்கமும் ஓட்டியாயிற்று, இனி உள்துணி. இந்த மாதிரிப் பையைத் தைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மேல்துணியை ஒரு பையாகவும் உள்துணியை ஒரு பையாகவும் உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, மேல்துணிப் பையை மட்டும் நேராகத் திருப்பி உள்துணிப் பைக்குள் செருகி, வாயைச் சுற்றி ஓட்டிவிட வேண்டும். அப்போது பார்த்தால் பை மாதிரியே இருக்காது, மூட்டை மாதிரி இருக்கும், நல்ல பக்கமெல்லாம் உள்ளே போய்விடும். அதற்காக உள்துணியின் அடியில் ஒரு கையகலம் தைக்காமல் வழி விட வேண்டும், அந்த வழியாகக் கையை விட்டு முழுப் பையையும் வெளியே இழுத்தால் எல்லாம் நேராகும், கடைசியில் அந்த வழியைக் கையால் தைத்து மூடிவிடுவது. போனில் ஒரு பெண் தைத்துக் காட்டியதை வினோதான் என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள், அந்தப் பெண் துணியை இழுக்க இழுக்கப் பூப்பூவாக வெளியே வந்தது, அய்யோ, கன்னு போடற மாதிரியே இருக்குதுங்கத்தை என்று வினோ கத்த, அவர் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார். வழி விட மறந்துராதீங்கத்தை, அப்பறம் எல்லாம் உள்ளயே மாட்டிக்கும், என்றாள். நானா மறப்பேன், எத்தனை ரவிக்கை தைத்தவள். பக்கவாட்டு முடிந்தது, துணியைத் திருப்பி அடிப்பக்கம் ஊசிக்குக் கீழே வைக்கிறேன், இங்கே ஆரம்பித்து, இங்கே நிறுத்தி, கையகலம் விட்டு

"ஏம்புள்ள மரகதம்."

அவர் அறை வாசலில் நிற்கிறார், தோளில் ஈரத்துணி, கையில் ஐஸ் தட்டு.

"இந்த ஐஸ் தட்டு நம்முளுதா, அவங்குளுதா?"

"என்னங்க?"

"ஐஸ் தட்டு. ஃபிரிட்ஜோட வந்ததா, நாம வாங்குனதா? ரண்டு கெடக்குது. ஒண்ணு நாம வாங்குனது. எதுன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. வினோ வெயில் காலத்தில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி வைப்பாள், இவருக்குப் பல் கூசும், இருந்தாலும் அவள் கொடுக்கிறாள் என்று வாங்கிக் கடிப்பார், கடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், அவள் சிரிப்பாள். அறுபது தாண்டிய மனுஷன் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ரண்டையும் வெச்சுருங்க," என்றேன்.

"ரண்டையுமா? நமக்கு?"

"நமக்கெதுக்குங்க ஐஸு."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் மிஷினை ஓட்டினேன், அடிப்பக்கம் ஓடியது, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினேன், கைப்பிடிகளை இடையில் வைத்தேன், வாயைச் சுற்றி ஓட்டினேன், கண்ணில் தண்ணீர் கட்டி ஊசி இரண்டாகத் தெரிந்தது, துடைத்துக்கொண்டு ஓட்டினேன், ஓட்டும்போதே கீழே டெம்போ பின்னால் வருகிற சத்தம், ஒரு ஆள் வரட்டும் வரட்டும் வரட்டும் என்று கத்துகிறான், முடிந்தது, நூலை அறுத்தேன், திருப்பி எடுக்கக் கையை விடப் போனேன். கை போகவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வழி இல்லை. நாலா பக்கமும் தைத்து மூடியிருக்கிறேன். அவளுடைய பூவெல்லாம், இலையெல்லாம், மாம்பழ மஞ்சள், சுங்குடி, லுங்கி எல்லாம் உள்ளே, வெளியே காடாத்துணியும் பிசிறும். வாய் இல்லாத ஒரு மூட்டை. படியில் செருப்புச் சத்தம்.

பூபதிதான் முதலில் வந்தான், பின்னால் ஆட்கள். நல்ல பையன், போன பொங்கலுக்கு வந்தபோது என் கையால் மூன்று தோசை கூடச் சாப்பிட்டுவிட்டு, அத்தை, எங்கம்மா கேட்டா ரண்டுன்னு சொல்லுங்க என்றவன். இன்றைக்கு நிலைப்படியில் நின்று, "ஏங்க, கட்டலக் கழட்டோணும், ஸ்பேனர் இருக்குங்களா?" என்றான். ஏங்க. என் முகத்தைப் பார்க்காமல் சுவர் காலண்டரைப் பார்த்துக் கேட்டான், அவனுக்கும் கஷ்டம்தான். இவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், கொடுத்துவிட்டு அவரே கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார், வேண்டாமுங்க நாங்க பாத்துக்கறோம் என்றார்கள், அவர் விடவில்லை. கட்டில் போயிற்று. பீரோ போயிற்று. ஃபிரிட்ஜைத் தூக்கும்போது உள்ளே இரண்டு ஐஸ் தட்டும் கடகடவென்று ஆடியது. அப்புறம் ஒரு ஆள் வந்து என் பக்கத்தில் நின்றான், நான் எழுந்தேன், மிஷினைத் தூக்கினான், ஒயர் பாம்பு மாதிரி பின்னால் இழுபட்டுக்கொண்டு போனது. நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன், முன்னால் மிஷின் இல்லாமல், மடியில் மூட்டையோடு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப் போல. வினோ மேலே வர மாட்டாள் போலிருக்கிறது. வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். வராவிட்டால் என்ன, பூபதி கையில் கொடுத்துவிடலாம், இதை எப்படிக் கொடுப்பது, வாயில்லாத மூட்டையை, என்னங்க இது என்பான்.

வந்தாள். சத்தம் இல்லாமல் வந்து, அறை வாசலில் நின்றாள். இளைத்திருக்கிறாள், கழுத்தெலும்பு தெரிகிறது, அதே பழைய கண்ணாடி. கையில் அந்த ஜவுளிக்கடை கவர், ஓரத்தில் நான் நினைத்த மாதிரியே கொக்கி குத்திக் கிழித்து, வெள்ளை நூல் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. மூட்டையை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் என் மடியைப் பார்த்தாள்.

"அத்தை," என்றாள். அத்தை என்றாள். "வழி விடாமத் தைச்சுட்டீங்களா?"

"ஆமா கண்ணு. உங்க மாமா ஐஸ் தட்டத் தூக்கிட்டு வந்துட்டாரு."

சிரித்துவிட்டாள். சிரித்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கட்டில் இருந்த இடத்தில், அதன் நாலு கால் தடமும் தரையில் தெரிய, நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். நானும் இறங்கி எதிரில் உட்கார்ந்தேன். பிளேடை நீட்டினேன். மூட்டையை மூக்குக்கு நேரே வைத்து, அடிப்பக்கத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள், துணியில் ஒரு கீறல் விழாமல். கையகலம் ஆனதும் விரலை உள்ளே விட்டு இழுத்தாள். முதலில் கைப்பிடி வந்தது. அப்புறம் லுங்கி. "மாமா வந்துட்டாருங்கத்தை," என்றாள் மெதுவாக. மாம்பழ மஞ்சள் வந்தது, ஜன்னல் திரை வந்தது, கசங்கிக் கசங்கி ஒவ்வொன்றாக வந்தது. "கன்னு போடுது," என்றேன் நான். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்று இருந்தது, இப்படியே வந்துகொண்டே இருக்கட்டும், முடியாமல் இருக்கட்டும். முழுதாக வெளியே வந்ததும் மடியில் போட்டு, ஓரத்திலிருந்து கட்டைவிரலால் நீவி விட்டாள். ஒவ்வொரு இலையாகத் தொட்டாள், ஒவ்வொரு பூவாக. "எப்பிடிங்கத்தை, இந்தக் காம்பெல்லாம்," என்றாள். நீவிக்கொண்டே நடுத்துண்டுக்கு வந்தாள். கட்டைவிரல் நின்றது.

கீழே பூபதி வண்டியின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் பையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். நான் வேறெங்கேயாவது பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன், கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் அந்தச் சிவப்புத் தையல்களைக் கண்ணாலேயே ஒவ்வொன்றாக எண்ணுவதைப் போல் பார்த்தாள்.

"நல்லாத்தான் மூடியிருக்கறீங்க," என்றாள்.

"பிரிச்சர்றேன் சாமி. இப்பவே. அஞ்சே நிமிசம், வேற துண்டு..."

"பிரிக்காதீங்கத்தை."

"இல்ல கண்ணு, நான் தெரியாம, அது முன்னாடியே..."

"உங்களால ஆகாதுங்கத்தை," என்றாள். குத்திக் காட்டவில்லை. எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது பேசுகிற அதே குரல். "நீங்க என்ன பண்ணுவீங்க."

வாசல் படியிலிருந்து பூபதி கூப்பிட்டான், வினோ, போலாமா. அவள் எழுந்தாள். பையை மடித்து, நடுத்துண்டு உள்ளே போகும்படி மடித்து, என் மடியில் வைத்தாள்.

"வழிய மட்டும் தைச்சு வைங்க," என்றாள். "வந்து வாங்கிக்கறேன்."

வரும்போது நீளமாகத் தொங்கிய வெள்ளை நூலை உள்ளே திணித்து, கிழிந்த கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். ஹாலில், வர்றனுங்க மாமா என்ற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது. பொய்யே வராது அவளுக்கு, குழம்பில் உப்பு கூடிவிட்டால் முகமே சொல்லிவிடும், நல்லா இருக்குதுங்கத்தை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகிறாள், போகிற போக்கில், கண்ணைப் பார்த்து. வர மாட்டாள். மகனைப் பையின் நடுவில் வைத்துத் தைத்துக் கொடுக்கிற மாமியாரிடம் எப்படி வருவாள். நான் அவளுக்கு அத்தையாக மட்டும் இருந்திருக்கலாம், ஒரு மத்தியானம், இந்த ஒரு பைக்காக மட்டுமாவது. பிளேடு கையில்தான் இருக்கிறது. இப்போதுகூட அந்தத் துண்டைப் பிரித்து எடுத்துவிடலாம். எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை.

ஊசியில் நூலைக் கோத்தேன். வெள்ளை நூல், காடாத்துணிக்கு. கையகலம், பத்துப் பன்னிரண்டு தையல் போட்டால் மூடிவிடும்.

அவர் உள்ளே வந்தார். அறை வெறிச்சென்று இருந்தது, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார். துடைக்கிற துணி இன்னும் தோளில் கிடந்தது.

"வாங்கிட்டுப் போலியா அது?"

"இல்லீங்க. வந்து வாங்கிக்கறேன்னுச்சு."

"எப்ப வருதாம்?"

"தைச்சு முடிச்சதும்."

பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். தைக்காமல் திறந்து கிடந்த அந்த வழியைப் பார்த்தார், என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். 

"அப்ப மெதுவாவே தையி, புள்ள," என்றார்.

நான் ஊசியை நூல்கண்டிலேயே குத்தி வைத்தேன்.